போகிக்குத் திரும்பிய தொப்பிகள்

மலாக்காவில் காஜா பெராங் செட்டி கம்பத்தில், அந்தச் சின்னக் குடியிருப்பில், இனிமேல் யார் வீட்டிலும் தொட்டில் ஆடாதாம். மீன்காரர் சொன்னதாகப் பாக்கியலட்சுமி சொன்னாள். பத்து பெரெண்டாமில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் சிவகாமசுந்தரி, நடுவில் செம்பருத்தி.

“அங்க ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்திருக்காளாங்க. பொம்பளைங்களை ஒவ்வொருத்தியா உள்ள கூப்பிட்டு ரப்பர் தொப்பி ஒன்னு வச்சு அனுப்புறாளாம். அது மெல்ல மெல்ல மேல ஏறி நெஞ்சுல போய் உக்காந்துக்குமாம். அப்புறம் எங்க புள்ள பொறக்கிறது? மூச்சு விடுறதே பெரும்பாடு!”

“மீன்காரருக்கு யாரு சொன்னா?”

“அவருக்கு ஐஸ்கட்டி குடுக்கிற சீனக் கடை முதலாளி தவுக்கே சொன்னாராம். தவுக்கே சம்சாரம் கண்ணால பார்த்திருக்காம்.”

“எதை? தொப்பியையா, நெஞ்சையா?”

“அந்த மிஸ்ஸியைத்தான்! ஆறடி ஒசரமாம். ஆம்பளை மாதிரி குரலாம்.”

எட்டாத தட்டில் இருக்கும் புளிச் சட்டியை எடுக்க முக்காலி தேடுகிற உயரம் சிவகாமசுந்தரிக்கு. அவள் பேசினால் எதிரில் இருப்பவர் இன்னொரு முறை கேட்பார். “அப்படியா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படிக் கயிற்றில் அவளுடைய வெள்ளை உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. வேலை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதை அவள் வெளிக் கொடியில் போட்டதே இல்லை. அந்த மிஸ்ஸி அவள்தான்.

நாகப்பட்டினத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், கன்னிகாஸ்திரீகள் பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டு மொழியிலும் வளர்ந்து, சென்னையில் நர்ஸ் படிப்பும் பிரசவப் படிப்பும் முடித்து, மலாக்கா விமான நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த மாணிக்கவாசகத்துக்குக் கழுத்தை நீட்டிக் கப்பலேறி வந்தாள். கவலைப்படுவது அவளுக்குச் சமையல் மாதிரி, தினமும் நடக்கிற காரியம். மழை பெய்தால் கூரையைப் பற்றிக் கவலை, பெய்யாவிட்டால் கிணற்றைப் பற்றி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அன்று ஊரே கொடி பிடித்துத் திரிந்தபோது அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றுதான்: “நம்மள இருக்க விடுவாங்களா?”

“இருக்கச் சொல்லித்தானே கையில கொடியைக் குடுத்திருக்காங்க,” என்றார் மாணிக்கவாசகம்.

அந்த வருஷக் கடைசியில்தான் டாக்டர் ராஜரத்தினம் அவளைத் தேடி வந்தார். பண்டார் ஹிலிரில் சொந்த மருந்தகம் வைத்திருந்தவர். புதிதாக ஆரம்பித்த குடும்பத் திட்டச் சங்கத்துக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

“சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வந்தா போதும், சிஸ்டர். காஜா பெராங்கில ஒரு அம்மா முன் அறையை விட்டுக்குடுக்கிறாங்க. நான் சொன்னா பொம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“எனக்கு மலாய் அரைகுறைதான், டாக்டர். அவங்களுக்குத் தமிழே தெரியாதாமே?”

“தலையைக் குனியாம இருந்தா அரைகுறை மலாய் போதும்.”

மலாக்காச் செட்டிகள் எந்தக் காலத்திலோ வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். பெயர் தமிழ், கும்பிடுவது பிள்ளையாரை, உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். சிவகாமசுந்தரி அவர்களோடு பேசியதெல்லாம் அந்த மலாயில்தான். இங்கே தமிழில் வருகிறது.

வேலை தொடங்குமுன் சங்கத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு கைநூல், அளவெடுக்கும் வளையங்கள், பெண்ணின் இடுப்பு எலும்பைப் போல் சுண்ணாம்பில் வார்த்த ஒரு பொம்மை, சில படங்கள். படங்களில் இருந்த பெண்கள் எல்லோரும் வெள்ளைக்காரிகள். கைநூலை அவள் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தாள். வருகிறவளை எப்படி உட்காரவைப்பது, எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வழி இருந்தது. கவலைக்காரிக்கு அதைவிட நல்ல துணை ஏது? முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கைநூலைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முன் அறையை விட்டுக்கொடுத்தவள் பூங்காவனம். ஐம்பது வயது விதவை. வாய் நிறைய வெற்றிலை, வெற்றிலைக்கு நடுவே ஓயாத பேச்சு. சுண்ணாம்புப் பொம்மையை முதலில் பார்த்தபோது, “இது யாரோடது?” என்று கேட்டாள்.

“யாரோடதும் இல்லை அக்கா. சொல்லிக்குடுக்கிறதுக்குச் செஞ்சது.”

“செஞ்சவனுக்குக் கல்யாணம் ஆகலை போல. இவ்வளவு ஒடுக்கமா செஞ்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டு, அதன் மேல் தன் பழைய சாரோங் ஒன்றைப் போர்த்தினாள். “எங்க வீட்டுல யாரும் துணியில்லாம உக்காரக் கூடாது, மிஸ்ஸி.”

அதற்குப் பிறகு பாடம் எடுக்கும்போதெல்லாம் சிவகாமசுந்தரி அந்தச் சாரோங்கை விலக்கித்தான் எடுத்தாள். விலக்கும்போது வந்த சிரிப்பில் பாதி வெட்கம் ஓடிப்போனது.

முதலில் வந்தவள் மீனாச்சி. டாக்டரே அனுப்பியிருந்தார். மூன்று பிள்ளைகளின் தாய், முப்பது ஆகவில்லை. சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவள் இதயத்தின் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. கடைசிப் பிரசவத்தில் உதடு நீலம் பாரித்து, மூச்சுக்கு அலைந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவள் புருஷன் கணபதியை டாக்டர் தனியே கூப்பிட்டு, “இன்னொன்னு உண்டானா அந்த இதயம் தாங்காது. புள்ளையும் இருக்காது, அவளும் இருக்க மாட்டா,” என்று சொல்லியிருந்தார்.

கர்ப்பப்பை வாயை மூடிக் கருத்தரிக்காமல் தடுக்கும் ரப்பர் மூடிக்குச் சிவகாமசுந்தரி அளவெடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள். இரவு மருந்து தடவி வைக்க வேண்டும். மறுநாள் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மாவு தூவி, டப்பாவில் போட்டு மூட வேண்டும். செருப்பு மாதிரி, ஒருத்தியுடையது இன்னொருத்திக்கு ஆகாது. மீனாச்சி பொம்மையில் ஒருமுறை, தன்னிடத்தில் மூன்று முறை வைத்துப் பார்த்தாள். நாலாவது முறை சரியாக வந்தது.

“இதுக்கு என்ன பேரு மிஸ்ஸி?”

ஆங்கிலப் பேரைச் சொன்னாள். மீனாச்சியின் நாக்கு புரளவில்லை.

“தொப்பி மாதிரி இருக்கு,” என்றாள். அந்தச் சொல் மலாயிலும் அதுதான், தமிழிலும் அதுதான். அன்றிலிருந்து காஜா பெராங்கில் அதற்குப் பேர் தொப்பி. சிவகாமசுந்தரிக்குப் பேர் தொப்பி மிஸ்ஸி.

அந்தப் பேர் வேலி தாண்டிப் பரவித்தான் மீன்காரர் வரைக்கும் போனது. வதந்தியின் அடியில் உண்மையான பயம் ஒன்று இருந்ததை அவள் பூங்காவனத்திடமிருந்து தெரிந்துகொண்டாள்.

“நாங்க ரொம்பப் பேர் இல்லை, மிஸ்ஸி. இந்தக் கம்பத்துல கொஞ்சம், சிங்கப்பூர்ல கொஞ்சம், அவ்வளவுதான். புள்ளை வேணாம் புள்ளை வேணாம்னு ஒருத்தி வந்து சொன்னா பெரியவங்களுக்குப் பயம் வராதா? நாளைக்கு எங்க டத்தோ நேனேக்குச் சோறு படைக்க ஆள் வேணுமே.” டத்தோ நேனே என்றால் தாத்தா பாட்டி, அவர்களுக்கும் முந்தியவர்கள், செத்துப்போன எல்லோரும்.

“வேணாம்னு சொல்ல வரலை அக்கா. எப்ப வேணும்னு அவங்களே சொல்லட்டும்னுதான்.”

“அப்ப வேணும்கிறவளுக்கும் வழி சொல்லுவீங்களா?”

கைநூலில் அதற்கும் ஒரு பகுதி இருந்தது. ருக்மணி என்ற பெண்ணுக்கு ஏழெட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. மாமியார் கண்டதையெல்லாம் அரைத்துக் குடிக்கக் கொடுத்திருந்தாள். சிவகாமசுந்தரி அவளையும் புருஷனையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அவனைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் பெரும்பாடு பட்டாள். ஊசி மருந்தில் தீரக்கூடிய பழைய நோய் ஒன்று அவனிடம் இருந்தது, அவளுக்கும் தொற்றியிருந்தது. இருவருக்கும் மருந்து கொடுத்தார்கள். என்ன நோய் என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறு வருஷம் ருக்மணி ஆண் குழந்தையோடு வந்தாள். கம்பத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு அவனைத் தொப்பி மிஸ்ஸியின் மடியில்தான் முதலில் போட்டாள். அவனும் தன் மரியாதையை வெள்ளை உடுப்பின் மேலேயே செலுத்தினான்.

அதோடு வதந்தி படுத்துவிட்டது. சனிக்கிழமைகளில் பூங்காவனத்தின் வாசல் செருப்புகளால் நிறைந்தது. மீனாச்சி மாதம் தவறாமல் வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. படி ஏறும்போது மட்டும் நின்று நின்று ஏறுவாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அந்தத் தை பிறப்பதற்கு முந்தின வாரம்தான் அது நடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முதலில் வந்த பெண் உட்காரவில்லை. மேசை மேல் தன் டப்பாவை வைத்தாள். கையைக் கூப்பினாள். போய்விட்டாள். அடுத்தவளும் அப்படியே. மூன்றாவதாக வந்தவள் டப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். துணியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூங்காவனம் கூட அன்று வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருந்தாள். கடைசியாக மீனாச்சி வந்தாள். அவளும் டப்பாவை வைத்தாள்.

“மீனாச்சி, நீயுமா?” என்று கேட்க வாயெடுத்தாள். கைநூல் தடுத்தது. அதில் தெளிவாக எழுதியிருந்தது: ஒரு பெண் சாதனத்தைத் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளவும், திரும்பியவற்றைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடவும். சிவகாமசுந்தரி நன்றி சொன்னாள். மீனாச்சி சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு மிகவும் வலித்தது.

வீட்டுக்கு வந்து மாணிக்கவாசகத்திடம் சொன்னாள். “போகி வருதுல்ல. வீட்டுல பழசு, வேண்டாததையெல்லாம் கழிக்கிறாங்க. என்னையும் சேர்த்துக் கழிச்சிட்டாங்க.”

“பொங்கல் கழியட்டும், போய்க் கேளு.”

“கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்குங்க.”

“எங்க?”

“புஸ்தகத்துல.”

இரண்டு மொழி படித்தவளோடு புஸ்தகத்தை வைத்து வாதாடி அவர் ஜெயித்ததில்லை.

திங்கட்கிழமை தலைமையகத்து வேன் மருந்து கொண்டுவந்தது. போகும்போது டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்த ரப்பரை அங்கே யாரும் மறுபடி கொடுப்பதில்லை, வெட்டி எறிந்துவிடுவார்கள்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, யாரும் வரப்போவதில்லை என்ற எண்ணத்தோடுதான் அவள் காஜா பெராங் போனாள். பெட்டியைக் கட்டிவிட்டு வரலாம் என்று கயிறு கூட எடுத்துப்போனாள். பூங்காவனத்தின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அறைக்குள் பெண்கள் கூட்டம், கையில் தட்டு தட்டாகப் பலகாரம், ஒரே பேச்சு. அவளைக் கண்டதும் எல்லோரும் கையை நீட்டினார்கள்.

“குடுங்க மிஸ்ஸி, எங்க தொப்பியை!”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்ன மிஸ்ஸி, பேயைப் பார்த்த மாதிரி?” என்றாள் பூங்காவனம். “போகி முடிஞ்சிருச்சு. டத்தோ நேனே சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. இனி என்ன?”

“நீங்க எல்லாரும்... விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“விடுறதா? யாரு விட்டா?”

செட்டி வீடுகளில் போகி அன்று பழைய பாயைக் கொளுத்துவது போன்ற பழக்கம் கிடையாது. அன்றைக்குத்தான் அவர்களுடைய பார்ச்சு, முன்னோர் படையல். வீட்டைக் கழுவித் துடைத்து, செத்துப்போனவர்கள் உயிரோடிருந்தபோது விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலை நிறையப் பரிமாறி, சுருட்டுப் பிடித்த தாத்தாவுக்குச் சுருட்டும் வைத்து, அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று உயிரோடிருப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். முன்னோர் நடமாடும் வீடு.

“மாமனார் வந்து உக்காந்து மீன் சாப்பிடுறாரு,” என்று ஒருத்தி விளக்கினாள். “பக்கத்துல மெத்தைக்கடியில தொப்பி! அவர் கண்ணுல பட்டா என்ன நெனப்பாரு? உசுரோட இருந்தப்பவே என் மேல அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.”

“அதான் மிஸ்ஸிகிட்ட குடுத்து வச்சோம்,” என்றாள் இன்னொருத்தி. “போன வருஷம் கோழிக் கூண்டுக்கடியில வச்சுட்டுப் பட்ட பாடு போதும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்கா? நீங்க அசல் தமிழ் ஆளு. போகியைப் பத்தி நாங்க உங்களுக்குச் சொல்றதா?”

சிவகாமசுந்தரி மெல்லிய குரலில் நடந்ததைச் சொன்னாள். வழக்கம் போல, எல்லோரும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். பிறகு பூங்காவனம் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அலாமாக்! அத்தனையும் வேன்ல ஏறிக் கோலாலம்பூர் சுத்திப் பார்க்கப் போயிருச்சா? எங்களையே யாரும் கூட்டிட்டுப் போனதில்லை!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கூடக் கோபப்படவில்லை. அலமாரியில் புதியவை இருந்தன; அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் மறுபடி அளவு பார்த்துக் கொடுத்தாள். மீனாச்சியின் முறை வந்தபோது அவள் அளவு மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய அளவில் ஒன்று இருந்தது, சிறிய அளவில் ஒன்று இருந்தது. இரண்டும் நிற்கவில்லை. சுமாராக இருந்தால் போதும் என்று மற்றவர்களுக்குக் கூடச் சொல்ல முடியாது. இவளுக்கு எப்படிச் சொல்வது?

கருத்தடைக்கான நுரைக்கும் மாத்திரை ஒரு குப்பி இருந்தது. ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மலாக்காவின் ஈரக்காற்று அதை என்றோ தின்றுவிட்டிருந்தது. இரண்டு குமிழி விட்டுவிட்டு அடியில் படுத்துக்கொண்டது. ஆண்களுக்கான உறை ஒரு பெட்டி கொடுத்தாள். கணபதியை வரச்சொல்லி அவனிடமும் நேரில் சொன்னாள். அவன் வாசலில் நின்றபடி தலையாட்டினான். தலைமையகத்துக்கு அன்றே எழுதிப்போட்டாள். மாதம் முடியும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொப்பி வந்து சேர்ந்த சனிக்கிழமை மீனாச்சி கடைசி ஆளாக உள்ளே வந்தாள்.

“வந்துருச்சு மீனாச்சி. உக்காரு, பார்த்துடலாம்.”

“அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும் மிஸ்ஸி.” கெபாயாவின் கையை இழுத்து இழுத்து விட்டாள். “இந்த மாசம் நான் இன்னும் குளிக்கலை. தள்ளிப்போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.”

சிவகாமசுந்தரி கையிலிருந்த டப்பாவை மேசையில் வைத்தாள். “உறை குடுத்தேனே?”

“குடுத்தீங்க. அவரும் பத்திரமாத்தான் அலமாரி மேல வச்சிருந்தாரு. ஒருநாள் நல்ல மழை. புள்ளைங்க அக்கா வீட்டுல மாட்டிக்கிச்சுங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்...” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அலமாரி ரொம்ப தூரத்துல இருந்துச்சு, மிஸ்ஸி.”

“என்னாலதான்,” என்றாள் சிவகாமசுந்தரி. “அதை நான் அனுப்பாம இருந்திருந்தா...”

“அப்படிச் சொல்லாதீங்க.” மீனாச்சி சிரிப்பை நிறுத்தினாள். “முன்னெல்லாம் சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்டா நான் அடுப்படிக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். பாவம், நல்ல மனுஷன். கட்டினவரைப் பார்த்து எதுக்குப் பயப்படணும்? ஆனா பயந்தேன். அவரும் என்னைத் தொடப் பயந்து கூடத்துல படுத்தாரு. இந்த ரெண்டு வருஷமா அந்த மணி கேட்டா நான் கண்ணாடி பார்த்துக்கிறேன். நீங்க குடுத்தது அது. அதை எந்த வேன்லயும் ஏத்தி அனுப்ப முடியாது.”

அவள் கையை மீனாச்சி பிடித்துக்கொண்டாள். தேற்ற வேண்டியவள் ஒருத்தி, தேற்றுகிறவள் இன்னொருத்தி என்று இருந்தது. கப்பலேறி வந்த ஊரில் இப்படியும் ஒருத்தி தனக்குக் கிடைப்பாள் என்று சிவகாமசுந்தரி நினைத்ததில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்துக்கும் உள்ளுக்குள் நன்றி சொன்னாள். அதே மூச்சில் பயந்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். கையால் பார்த்துச் சொல்ல இது இன்னும் சீக்கிரம். இதயம் பலவீனமானவர்களுக்கு நாள் தள்ளிப்போவதும் உண்டு. தேரைச் சோதனைதான் வழி; மீனாச்சியின் சிறுநீரை ஒரு தேரைக்கு ஊசியில் ஏற்றினால் அது பதில் சொல்லிவிடும். திங்கட்கிழமை அவரே சீசாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார்.

“மலாக்காவுல இவ்வளவு தேரை கத்துதே,” என்றாள் பூங்காவனம். “ஒன்னு கூட எனக்கு இதுவரைக்கும் ஒரு சேதி சொன்னதில்லை.”

“இருக்குன்னு வந்தா என்ன டாக்டர்?” என்று மீனாச்சியே கேட்டாள்.

அவர் மழுப்பவில்லை. “இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரியில கட்டில். கடைசி வரைக்கும் எந்திரிக்க விடமாட்டேன். சிங்கப்பூர் இதய டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். கஷ்டம்தான் அம்மா. ஆனா போன தடவை மாதிரி கடைசி நிமிஷத்துல ஓட மாட்டோம். இல்லைன்னா, சிஸ்டர் உங்க தொப்பியைக் குடுத்துடுவாங்க. செவ்வாய்க்கிழமை காலையில போன் பண்ணச் சொல்றேன்.”

பூங்காவனத்தின் வீட்டில் டெலிபோன் இல்லை. அடுத்த வாசலில் இருந்த கோப்பிக் கடைச் சுவரில் இருந்தது. கடைக்காரத் தவுக்கே சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவகாமசுந்தரி கைநூலை மேசையில் விரித்தாள். சாதனம் திரும்பி வருவது பற்றிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதை எழுதிய வெள்ளைக்காரி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை; கூச்சப்படும் பெண்களைப் பார்த்துப் பார்த்து இரக்கத்தோடு எழுதியவள் அவள். காஜா பெராங்கை மட்டும் அவள் பார்த்ததில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே ஆங்கிலத்திலும் கீழே தமிழிலும் எழுதினாள்.

“இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு: போகிக்கு முந்தின வாரம் பெண்கள் டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பெயர் எழுதி அலமாரியில் பத்திரமாக வைக்கவும். பொங்கல் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வார்கள். இடைப்பட்ட நாளுக்கு வேறு வழி கொடுத்தனுப்பவும். காரணம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டால் சொல்வார்கள். நன்றாகச் சிரிப்பார்கள்.”

பசை தடவி அந்தப் பக்கத்தின் மேலேயே ஒட்டினாள். மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்து, “புஸ்தகத்துக்கு எதிரா நீயா?” என்றார். திங்கட்கிழமை பூங்காவனத்துக்கு அதை மலாயில் படித்துக் காட்டினாள். “பழ சீசன்லயும் ஒரு பார்ச்சு உண்டு. அதையும் எழுதுங்க,” என்றாள் பூங்காவனம். எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளை உடுப்பை முதல்முறையாக வெளிக் கொடியில் போட்டுவிட்டு, புடவையில் காஜா பெராங் வந்தாள். பாக்கியலட்சுமி வேலியோரம் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். நின்று பேசப் பொழுதில்லை.

கோப்பிக் கடையில் மீனாச்சி முன்னமே உட்கார்ந்திருந்தாள். எதிரில் பால் கோப்பி ஆடை படிந்துபோயிருந்தது. கணபதி துக்காங் எமாஸ் கோயிலுக்குப் போயிருந்தான். இங்கே உட்கார அவனால் முடியவில்லை. பூங்காவனம் வாசல்படியில் உட்கார்ந்து, வெற்றிலை கூடப் போடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்மணி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சனிக்கிழமைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக, ஏதோ சாமான் வாங்க வந்தவர்கள் போல வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றார்கள். தவுக்கே எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போன் பண்ண வருகிறவர்களுக்கு இன்று டெலிபோன் கிடையாது என்று அறிவித்தார்.

“எனக்கு ஆஸ்பத்திரிச் சோறு பிடிக்காது மிஸ்ஸி,” என்றாள் மீனாச்சி.

“தினமும் நான் கொண்டு வர்றேன்.”

“உங்க சமையல்ல உறைப்பு இருக்காதாமே? டாக்டர் சொன்னாரு.”

“உங்க மிளகாய்ச் சம்பாலை பூங்காவனம் அக்கா அரைச்சுக் குடுப்பாங்க. நான் கொண்டு வர்றேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“கடைசி வரைக்கும். எது வந்தாலும்.”

மீனாச்சி தலையாட்டினாள். நெஞ்சுக்குள் அந்தச் சுருங்கின கதவு திறந்து மூடுவது கெபாயாவின் மேலேயே தெரிந்தது. வெளியே ஒரு ரிக்‌ஷா மணியடித்துப் போனது. பிறகு சுவரில் டெலிபோன் அடித்தது.

தவுக்கே சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். கையில் தராசைப் பிடித்தபடியே திரும்பி அவர்களைப் பார்த்தார், எடுக்கவில்லை. பூங்காவனம் எழுந்து நின்றாள். சிவகாமசுந்தரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனாள். மீனாச்சியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் மிஸ்ஸி,” என்றாள்.

அது அடித்துக்கொண்டிருந்தது.